நாற்பத்தெட்டு இலக்கம்

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினியை நான் வேண்டுமென்றுதான் பழுதாக்கினேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. நாலாவது முறை பழுதாக்கப் போய்த்தான் இவ்வளவு வினையும் வந்தது.

என் பெயர் அபூதாஹிர். முப்பத்தொரு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப்படகு இயந்திரக்காரனாக இருந்தவன். பெரிய கப்பல் உள்ளே வந்தால் அதைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்ப்பது எங்கள் படகின் வேலை. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. மனைவி மௌத்தாகி நாலு வருடம். இருக்கிற ஒரே பிள்ளை றுஷ்தா கட்டாரில் இருக்கிறாள். ஜமாலியாவில் நாலு அறை வீட்டில் நான் ஒருவன்.

வீடு என்னுடையது அல்ல, அவளுடையது. எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டி எழுதிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். பிள்ளையை வளர்த்து ஆளாக்கிவிட்டு வெறும் வீட்டில் உட்காருவது மகன்மாரைப் பெற்றவன் தலையெழுத்து, மகளைப் பெற்ற எனக்கு அந்தப் பயம் இல்லை என்று நானும் தெம்பாக இருந்தேன். மருமகன் வந்தார். ஏழு மாதம் இருந்தார். கட்டாரில் வேலை கிடைத்தது, பெண்டாட்டியையும் கூப்பிட்டுக்கொண்டார். வீட்டைக் கட்டியவனே அதற்குக் காவல்காரன் ஆனேன். கோபப்படலாம் என்றால் யாரோடு கோபப்படுவது? யார் மீதும் பிழை இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

றுஷ்தாவுக்கு அங்கே ஒரு பெரிய கம்பனியில் வேலை. கணினி பழுதென்று யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், அந்தப் பொத்தானை அழுத்துங்கள், இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லித் திருத்த வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் ஊர் பேர் தெரியாதவர்களோடு கதைக்கிறாள். பெற்றவனோடு கதைப்பது வெள்ளிக்கிழமையில் இரண்டு நிமிடம். சாப்பிட்டீங்களா வாப்பா, மருந்து குடிச்சீங்களா, அங்க மழையா வெயிலா, சரி வாப்பா வைக்கிறன். ஒரு வெள்ளிக்கிழமை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கதைத்தேன். ஒரு நிமிடமும் ஐம்பது விநாடியும். கோதுமைக் கப்பல் கரையில் கட்டுகிற நேரத்தில் எங்கள் கப்டன் அதைவிட நீளமாகத் தூஷணம் சொல்லுவார்.

அவள் படிக்கிற காலத்தில் பாகம் பாகமாக வாங்கித் தானே பொருத்திய கணினி அவளுடைய அறையில் இருக்கிறது. பேப்பர் வாசிக்கவும், அக்கம்பக்கத்தார் கிராம சேவகருக்குக் கொடுக்கும் கடிதம் அடிக்கவும் நான் அதைப் பழகிக்கொண்டேன். அதில் ஏதாவது கோளாறு என்றால் அவளுக்குச் செய்தி அனுப்புவேன். அவள் அங்கிருந்தபடியே உள்ளே நுழைவாள். திரையில் அம்பு தானாக ஓடும், பெட்டிகள் திறக்கும், மூடும். ஜின் பிடித்த மாதிரி எல்லாம் நடக்கும். பழுது தீரும். ஒரு வார்த்தை கதைக்க மாட்டாள். நானும் கதிரையில் இருந்து அம்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது அவளுடைய கை என்று எனக்குத் தெரியும், அதனால் எழும்பிப் போக மனம் வராது.

பிறகு ஒரு நாள் தற்செயலாக ஒரு காரியம் நடந்தது. கணினி எழும்பும்போது தூசி தட்டியதில் ஏதோ ஒரு பொத்தான் அழுந்தி, அதுவரை பார்த்திராத ஒரு பக்கம் திறந்தது. விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால், பெட்டி எதைப் பார்த்து எழும்ப வேண்டும், எதை நம்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற இடம் அது. பயஸ் என்கிறார்கள். இயந்திரக்காரன் கை சும்மா இருக்குமா? இரண்டு வரியை மேலும் கீழும் மாற்றிவிட்டேன். மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. எழும்புவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

அன்றைக்கு றுஷ்தாவால் உள்ளே நுழைய முடியவில்லை. விண்டோஸே எழும்பாதபோது எந்த வழியால் நுழைவது? வீடியோ கோல் எடுத்தாள். நான் ஃபோனைத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது பக்க அம்பை அழுத்துங்க வாப்பா. இல்ல, அது இடது. கீழே போங்க. இன்னும் கீழே. ஒவ்வொரு முறையும் பெட்டி அணைந்து எழும்பும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் மனிதர் கதைக்கத்தானே வேண்டும்? மேல் மாடி மலையாளத்துப் பெண் மீன்குழம்பு கொடுத்ததைச் சொன்னாள். லிஃப்ட் நின்றுபோய் அரை மணித்தியாலம் உள்ளே இருந்ததைச் சொன்னாள். குரங்கு கையில் பூமாலை கொடுத்தது தன் பிழைதான் என்று என்னைக் கேலி செய்தாள். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆயிற்று. மூன்று முறை சிரித்தாள். ஃபோனை வைத்த பிறகு எனக்குச் சோறு இனித்தது.

இதற்குப் பிறகு ஒரு மனிதன் என்ன செய்வான்? இரண்டு மாதம் பொறுத்து அந்த வரியை நானே மாற்றினேன். பிறகு இன்னும் இரண்டு முறை.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது அவள் முதல் வேலையாக அந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டாள். "இனி நீங்க நெனச்சாலும் இதப் பழுதாக்க ஏலாது வாப்பா," என்று என் தோளில் தட்டினாள். நானும் பல்லைக் காட்டினேன். அவள் போன பிறகு கணினி ஒரு நாளும் பழுதாகவில்லை. பதினொரு மாதம். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நிமிடம். சொன்னால் வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பதினொரு மாதத்தில் நான் சில நாள் குசினிச் சுவரோடு கதைத்திருக்கிறேன்.

சும்மா கதை மகள் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கலாம். கேட்டால் அவள் கதைப்பாள், கடமைக்கு. கடமைக்குக் கதைக்கிற குரலும் எனக்குத் தெரியும், கதை வந்து கதைக்கிற குரலும் தெரியும். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் சுணங்குகிறது என்று சொன்னவன் நான்.

ஆகவே பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க இறங்கினேன். அவள் பெயர், பிறந்த திகதி, வீட்டு இலக்கம், மருமகன் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்று முறை பிழைத்தால் பெட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இரண்டு கிழமை இதுவே என் தொழில். கடைசியில் பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்துகிற சாரங்கனிடம் போனேன். பொறுமையான பொடியன், முப்பது வயது இருக்கும், என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். போட்டுப் பார்த்தான்.

"நல்லாத்தானே வேலை செய்யுது நானா. இதில என்ன பழுது?"

"பழுது ஒண்டும் இல்ல. எழும்புறதுக்கு முன்னால வாற அந்தப் பக்கத்துக்குப் போகணும். பாஸ்வேர்ட் கேக்குது."

"ஆர் போட்ட பாஸ்வேர்ட்?"

"மகள்."

"அப்ப மகளிட்டக் கேளுங்கோவன்."

அவளிடம் கேட்க முடிந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, வேறு வழியே இல்லையா என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "சில மதர்போர்ட்டில உள்ளுக்க இருக்கிற வட்டப் பற்றரியைக் கழட்டி வைச்சா பாஸ்வேர்ட் மறந்திடும். ஆனா இதில செய்யாதேங்கோ நானா. உங்கட மகள் டிஸ்க்கையும் பூட்டி வைச்சிருக்கிறா. அந்தப் பூட்டின்ர திறப்பு போர்ட்டில ஒரு சிப்புக்குள்ள இருக்கு. இதைக் கிண்டினா அந்தச் சிப் மிரண்டிடும். பிறகு மகளிட்ட இருக்கிற நம்பர் இல்லாமல் ஒண்டும் எடுக்க ஏலாது."

அவன் சொன்னதில் முதல் பாதிதான் என் காதுக்குள் போனது. பற்றரி! இழுவைப்படகில் எது முரண்டு பிடித்தாலும் முதலில் பற்றரியைக் கழற்று, பத்து நிமிடம் பொறு, பிறகு போடு. முப்பத்தொரு வருடமாக நான் செய்த வைத்தியம்தானே அது.

வியாழக்கிழமை காலையில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். வட்டப் பற்றரியை நகத்தால் நெம்பி எடுத்தேன். பத்து நிமிடத்துக்குப் பதிலாக, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அரை மணித்தியாலம் கழித்துப் போட்டேன். பெட்டி எழும்பியது. திரையில் இங்கிலீசில் நீளமாக ஏதோ எழுதி, முடிவில் ஒரு கேள்வி கேட்டது. ஆம் என்றால் ஓர் எழுத்து, இல்லை என்றால் ஓர் எழுத்து.

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. இயந்திர அறையில் இருப்பவனுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலே இருந்து குழாய் வழியாகக் கட்டளை வரும். மெதுவாகப் பின்னுக்கு என்றால், ஓம், மெதுவாகப் பின்னுக்கு. முழு வேகம் என்றால், ஓம், முழு வேகம். ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நின்றால் கப்பல் இறங்குதுறையில் இடித்துவிடும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கட்டளைக்கும் இல்லை என்று சொன்னவன் அல்ல நான். திரை கேட்டது. கை தானாகப் போய் ஆம் என்ற எழுத்தை அழுத்திவிட்டது.

அந்தச் சிப் வைத்திருந்த திறப்பை, அந்தப் பூட்டின் சாவியை, அழித்துவிடட்டுமா என்றுதான் அது கேட்டதாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். திரை முழுக்க நீலமாகியது. மீட்புத் திறப்பு, நாற்பத்தெட்டு இலக்கம், தருக.

என் மனதில் முதலில் வந்தது சந்தோசம்தான், அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன். இது பெரிய பழுது. நாளைக்கு அவளுக்கு லீவு. ஒரு மணித்தியாலம் என்ன, இரண்டு மணித்தியாலமே போகும். மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்து, நீலத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவளே எடுத்தாள்.

"வாப்பா, என்ன செஞ்சீங்க? பெட்டியத் தொறந்தீங்களா?"

"இல்ல மகள். கரண்ட் போய் வந்திச்சு."

"கரண்ட் போனா இது வராது வாப்பா." குரல் மாறியிருந்தது. "அதுக்குள்ள என்ட கலியாணப் படமெல்லாம் இரிக்கு. உம்மா எங்களோட நிண்டு எடுத்த கடைசிப் படம் எல்லாம் அதுலதான். வேற எங்கயும் இல்ல. அந்த நம்பர எங்க வச்சன் எண்டு எனக்கே தெரியா. தேடிப்பாத்துட்டு எடுக்கிறன்." வைத்துவிட்டாள்.

அப்போதுதான் சாரங்கன் சொன்னதன் இரண்டாம் பாதி எனக்கு ஞாபகம் வந்தது. நாற்பது நிமிடம் அவள் எடுக்கவில்லை. நான் அந்த நீலத் திரைக்கு முன்னால் இருந்தேன். இரண்டு மணித்தியாலக் கதைக்கு ஆசைப்பட்டு, பெற்ற பிள்ளையின் உம்மாவை இரண்டாம் தடவை மண்ணுக்குள் அனுப்பிவிட்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன். வயது அறுபத்தைந்து. அழுதேன். பார்க்க ஆள் இல்லாத வீட்டில் அழுவதற்கு ஒரு வசதி இருக்கிறது, முகத்தைத் துடைக்க வேண்டியதில்லை.

ஃபோன் அடித்தது. "கெடச்சிட்டு வாப்பா, அல்ஹம்துலில்லாஹ். பழைய மெயில்ல வச்சிருந்திருக்கன். எட்டுத் துண்டு, துண்டுக்கு ஆறு இலக்கம். நான் சொல்லச் சொல்ல அடிங்க."

முதல் ஆறைச் சொன்னாள். அடித்தேன். இரண்டாவது ஆறைச் சொன்னாள். அடித்தேன். பிழைத்தோம் என்று உடம்பு லேசானதும், பழைய கள்ளன் உள்ளே எழும்பினான். இந்த வேகத்தில் போனால் ஐந்து நிமிடத்தில் எட்டும் முடிந்துவிடுமே.

"கேக்கல்ல மகள். ரெண்டாவதத் திரும்பச் சொல்லு."

சொன்னாள். மூன்றாவதைச் சொன்னாள். அதையும் திரும்பச் சொல்லச் சொன்னேன். பிறகு முதலாவதிலும் ஒரு சந்தேகம் என்றேன். அவள் சலிக்காமல் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். குரல் எனக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நாலு, ஏழு, சைபர் என்று அவள் சொல்வதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"வாப்பா, கமராவத் திருப்பிக் காட்டுங்க."

காட்டினேன். ஃபோனைத் திருப்பியதில் திரை, சுவர், கட்டில் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"மூணு துண்டும் சரியாத்தானே இரிக்கு. முதல் தடவையே சரியாத்தான் அடிச்சிருக்கீங்க." பிறகு, "பெட்டிட தகடு ஏன் கட்டில்ல கெடக்குது?" என்றாள்.

எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. "நான்தான் கழட்டின," என்றேன். "முந்தி பழுதானதும் நான்தான் மகள். முதல்ல ஒரு தரம் தெரியாம. மத்ததெல்லாம் வேணுமெண்டு. பழுதானாத்தானே நீ கதைக்கிற. வேற நேரம் மருந்து குடிச்சீங்களா எண்டு கேட்டுட்டு வச்சிருவாய். நீ பூட்டிட்டுப் போன பிறகு எனக்கு ஆரும் இல்ல, மகள்."

ஏச்சு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"எனக்குத் தெரியும் வாப்பா," என்றாள். "கேபிளெல்லாம் சரியா இரிக்கக்குள்ள அந்த வரி தானா மாறாது. நான் செய்ற வேலையே இதுதானே. தெரிஞ்சுதான் சும்மா இரிந்தன்."

"அப்ப ஏன் பூட்டினாய்?"

"வேல நேரத்துல ஒங்களோட கதைச்சதுக்கு எனக்கு எச்சரிச்சுக் கடிதம் தந்துட்டாங்க. இன்னொண்டு தந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒங்களுக்கிட்டச் சொன்னா கவலப்படுவீங்க எண்டு பூட்டிட்டு வந்தன். அவர் எண்ணெய் வயலுக்குப் போனா நாலு கிழமைக்கு வரமாட்டார். ரூமுக்குள்ள நான் மட்டும்தான். ஒங்களோட ரெண்டு நிமிசத்துக்கு மேல கதைச்சா அழுகை வந்திரும், நீங்க கண்டுபிடிச்சிருவீங்க, அதுதான் கெதியா வைக்கிற. கொம்பியூட்டர் எண்டா அப்பிடியில்ல. மேல போங்க, கீழ போங்க எண்டு சொல்லிக்கிட்டிருந்தா அழுகை வராது. பூட்டின பிறகு எனக்குத்தான் வாப்பா கதைக்க ஒண்டும் இல்லாமப் போச்சு."

சிலிண்டர் சத்தம் தெரிந்தவனாம் நான். இரண்டு வருடமாகக் கடமைக்குக் கதைக்கிறாள் என்று நினைத்த குரல், அழுகையை அடக்குகிற குரலாக இருந்திருக்கிறது. நான் என் வீட்டில் எத்தனை அறை என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அவளுடைய ஒற்றை அறையை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அதைச் சொன்னால் அவள் இன்னும் அழுவாள். ஆகவே, "சரி, நாலாவதச் சொல்லு," என்றேன்.

சொன்னாள், ஒவ்வொரு இலக்கமாக, ஆறுதலாக. அடித்தேன். ஐந்தாவதுக்குக் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"மத்த நாலும் இரிக்கட்டும் வாப்பா," என்றாள். "நாளைக்கு வேல முடிஞ்சு வந்து ஒண்டு சொல்றன். நாளண்டைக்கு ஒண்டு. ஒரு நாளைக்கு ஒண்டுதான்."

"படமெல்லாம்?"

"அது எங்கயும் போகாது. பூட்டித்தானே இரிக்கு."

அவள் வைத்த பிறகு, அதுவரை அடித்த நாலு துண்டையும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, பெட்டியை அணைத்தேன். பெட்டியின் தகட்டைத் திரும்பப் பூட்டினேன். பிறகு கட்டிலில் இருந்து கணக்குப் பார்த்தேன். சனிக்கிழமை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஒன்று. திங்கள் ஒன்று. செவ்வாய் ஒன்று. புதன்கிழமைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.